பிடிஎஸ் (பல் மருத்துவப் பட்டம்) முடித்தாயிற்று, பாம்பனில் கிளினிக் போட வேண்டும்: பதிவு, புதுப்பித்தல், மற்ற அனுமதிகள் பற்றிச் சொல்லுங்களேன்

பல்லவி_பாம்பன்

வணக்கம். இன்டர்ன்ஷிப் முடிந்து ஊருக்கு வந்துவிட்டேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பிடிஎஸ் படித்தவள். வீட்டில் எல்லோரும் கடல் தொழில். லைசென்ஸ் சமாசாரமெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. கூடப் படித்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கவுன்சிலில் பதிந்தால் போதும், மறுநாளே போர்டு மாட்டலாம் என்கிறாள் ஒருத்தி. எக்ஸ்ரே மெஷினுக்கு அணுசக்திக்காரர்களிடம் அனுமதி வாங்க வேண்டும் என்கிறான் இன்னொருத்தன். எது உண்மை?

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ ஒற்றை நாற்காலி கிளினிக் போடுவதுதான் திட்டம். பேங்கில் லோன் கேட்டுப் பார்க்கலாம் என்கிறார் அப்பா.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ராமநாதபுரத்தில் ஒருவர் கட்டடம், நாற்காலி, ஏசி எல்லாம் தயாராக வைத்திருக்கிறார். நோயாளிகளைப் பார்க்க "அனுபவமுள்ள ஆள்" ஒருவரும் இருக்கிறாராம். என் பெயரும் பதிவு எண்ணும் போர்டில் இருந்தால் போதும், நான் எப்போதாவது தலைகாட்டினால் சரி, மாதாமாதம் பணம் வந்துவிடும் என்றார். நீட் எம்டிஎஸ்ஸுக்கு (முதுநிலைப் பல் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு) படிக்கும்வரை கைச்செலவுக்கு ஆகுமே என்று வீட்டில் கொஞ்சம் ஆசைப்படுகிறார்கள். என்ன சொல்கிறீர்கள்?

டாக்டர்_உச்சிப்புளி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். அதைப் பற்றி வக்கீல் சார் வந்து எழுதுவார், நான் மற்றதைச் சொல்கிறேன்.

பட்டம் தருவது பல்கலைக்கழகம். பல் பார்க்கும் உரிமையைத் தருவது மாநிலப் பதிவேடு. இரண்டும் வேறு. 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர்கள் சட்டப்படி உங்கள் பெயர் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் ஏற வேண்டும். அது ஏறுகிற வரைக்கும் நீங்கள் பிடிஎஸ் படித்த ஒரு பொண்ணு, அவ்வளவுதான். தெரிந்தவர் கிளினிக்கில் "சும்மா கைப்பழக்கத்துக்கு" ஆர்சிடி (பல் வேர் சிகிச்சை) பண்ணுவதுகூடக் கூடாது.

பல்கலைக்கழகத்தின் தற்காலிகப் பட்டச் சான்று, மதிப்பெண் பட்டியல்கள், இன்டர்ன்ஷிப் முடித்த சான்று, பத்தாம் வகுப்புச் சான்று, ஆதார், போட்டோ ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். படிவமும் கட்டணமும் அவ்வப்போது மாறும், கவுன்சிலின் தளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சென்னைக்குப் போகும்போது அசல், நகல் இரண்டும் கையில் இருக்கட்டும். ஒரு காகிதம் விட்டுப்போனாலும் நமக்கு ராத்திரி முழுக்க ரயில்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் மாட்டுவது இங்கேதான். பத்தாம் வகுப்பில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். கல்லூரிச் சான்றில் இனிஷியல் பின்னால் போய், நடுவில் ஒரு புள்ளி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். இங்கே யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் பதிவேட்டில் எந்தப் பெயர் ஏறுகிறதோ அதுதான் ஆயுசுக்கும் உங்கள் கூட வரும். பத்தாம் வகுப்புச் சான்றை அடிப்படையாக வைத்து மற்றவற்றைச் சரி பண்ணுங்கள். எழுத்தே வேறாக இருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டியிருக்கும், அதற்குக் காலம் பிடிக்கும்.

கீழக்கரை_காக்கா

டாக்டர் சொன்ன பெயர் விஷயத்தை நூறு தடவை சொல்லலாம் மகளே. என் மருமகள் துபாயில் பல் டாக்டர். அங்கே டேட்டாஃப்ளோ என்று ஒன்று இருக்கிறது. நாம் கொடுக்கிற சான்றிதழை நம்ப மாட்டார்கள். கல்லூரி, பல்கலைக்கழகம், கவுன்சில், வேலை பார்த்த இடம் என்று ஒவ்வொன்றாக நேரடியாக எழுதிக் கேட்பார்கள். அப்புறம் புரோமெட்ரிக் பரீட்சை. உரிமம் தருவது துபாய்க்கு டிஎச்ஏ, அபுதாபிக்கு டிஓஎச், சவூதிக்கு வேறு ஆணையம், ஒவ்வொன்றுக்கும் தனி வாசல்.

எல்லாவற்றுக்கும் கவுன்சிலின் நற்சான்று கேட்பார்கள். இவர் எங்கள் பதிவேட்டில் இருக்கிறார், இவர்மேல் நடவடிக்கை எதுவும் இல்லை என்று கவுன்சில் எழுதித் தர வேண்டும். பழைய நற்சான்று செல்லாது, புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும். மருமகள் கல்யாணம் ஆனதும் வீட்டில் இருந்தாள், கவுன்சில் புதுப்பித்தலை யாரும் நினைக்கவில்லை. மகன் விசா போடும்போதுதான் தெரிந்தது. முதலில் இங்கே பதிவை உயிர்ப்பிக்க வேண்டும், அப்புறம் நற்சான்று, அப்புறம்தான் டேட்டாஃப்ளோ. நடுவில் இத்தனை காலம் ஏன் தொழில் பார்க்கவில்லை என்று அங்கே வேறு கேள்வி. பிள்ளை அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை.

நீ வெளிநாடு போகிறாயோ இல்லையோ, புதுப்பித்தலை விட்டுவிடாதே.

பல்லவி_பாம்பன்

நன்றி சார், நன்றி காக்கா. பெயரைப் பார்த்தேன். பத்தாம் வகுப்பிலும் பட்டத்திலும் ஒன்றாகத்தான் இருக்கிறது, ஆதாரில் மட்டும் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. ஆதாரை மாற்றிவிடுகிறேன்.

புதுப்பித்தல் என்றால் வருஷா வருஷமா? கட்டாமல் விட்டால் என்ன ஆகும்?

தேவிபட்டினம்_வக்கீல்

சட்டத்தின் 39ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. முதலில் பதிந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் டிசம்பர் 31க்குப் பிறகும் பெயர் பதிவேட்டில் நிற்க வேண்டுமானால் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தந்த ஆண்டு ஏப்ரல் 1க்கு முன் கட்டியிருக்க வேண்டும் என்பது வாசகம். கட்டாவிட்டால் பதிவாளர் பெயரை எடுத்துவிடுவார். நிபந்தனைகளோடு திரும்பச் சேர்க்க வழியும் அங்கேயே இருக்கிறது. அதனால் விட்டுப்போனவர் வாழ்நாள் முழுக்க வெளியே நிற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் பெயர் பதிவேட்டில் இல்லாத நாட்களில் நோயாளியைத் தொட்டிருந்தால், அந்த நாட்களுக்கு அவர் பதிவில்லாதவர். வழக்கு என்று வரும்போது எதிர்த்தரப்பு முதலில் தோண்டுவது அந்தத் தேதிகளைத்தான்.

இப்போது அந்த வாடகைப் போர்டு விஷயம். மேடம், அவர் உங்களிடம் கேட்பது பெயரை இல்லை, எண்ணை. அந்த எண் இருந்தால்தான் மருந்துச் சீட்டு செல்லும், கிளினிக்கைப் பதிய முடியும், எக்ஸ்ரே அனுமதி கிடைக்கும். அந்த "அனுபவமுள்ள ஆள்" ஊசி போட்டு ஒருவர் மயங்கி விழுந்தால் போலீஸ் முதலில் தேடுவது போர்டில் இருக்கிற ஆளை. நுகர்வோர் ஆணையத்தில் எதிர்மனுதாரராக வருவது நீங்கள். தகுதியில்லாதவருக்குப் பெயர் கொடுத்து மறைப்பது தொழில் ஒழுக்கக் கேடு. 2014இல் திருத்தி வந்த பல் மருத்துவர் ஒழுக்க விதிகள் இருக்கின்றன, படித்துப் பாருங்கள். கவுன்சில் விசாரித்துப் பெயரை நீக்கினால், காக்கா சொன்ன நற்சான்று எந்த நாட்டுக்கும் கிடைக்காது.

அந்த ஆளுக்கு என்ன தண்டனை தெரியுமா? பதிவில்லாமல் பல் மருத்துவம் பார்த்தால், 49ஆம் பிரிவுப்படி முதல் தடவை அதிகபட்சம் 500 ரூபாய் அபராதம். மறுபடி மாட்டினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1948இல் 500 ரூபாய் என்பது பெரிய பணம். இன்றைக்கு அது ஒரு பல் பிடுங்குகிற காசு. அவர் அதைக் கட்டிவிட்டு வேறு ஊரில் கடை போடுவார். ஐந்து வருஷப் படிப்பை இழக்கப்போவது நீங்கள்தான்.

தொண்டிக்காரன்

எல்லாம் சரிங்க. ஆனால் கொஞ்சம் எதிர்ப்பக்கமும் பேசலாமா? எங்கள் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். பட்டம் கிட்டம் கிடையாது. கைராசிக்காரர். நூறு ரூபாய்க்குப் பல் எடுப்பார், காசு இல்லை என்றால் அடுத்த வாரம் கொடு என்பார். ராத்திரி கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார். பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் மதுரையிலும் சென்னையிலும் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்கள் பல் வலிக்கு எங்கே போவது? சட்டத்தைக் கொண்டுபோய் அவர்மேல் போட்டால் கஷ்டப்படப் போவது யார்?

டாக்டர்_உச்சிப்புளி

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். ராமநாதபுரம் மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரியே 2022இல்தான் வந்தது. பல் மருத்துவக் கல்லூரி இன்னும் இல்லை. அரசுக் கல்லூரி என்றால் சென்னை, சிதம்பரம், 2023இல் திறந்த புதுக்கோட்டை. படிக்கப் போகிற பிள்ளை அங்கேயே தங்கிவிடுகிறது. கடற்கரை ஊர்களில் பல் டாக்டர் குறைவு என்பதை நான் மறுக்கவில்லை.

மீதிப் பாதிக்கு வருவோம். என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், ஊர் வேண்டாம். வலை இழுக்கிற தொழிலாளி, பாக்கும் புகையிலையும் எந்நேரமும் கன்னத்தில். காரம் பட்டால் வாய் எரிகிறது என்று ஒரு "கைராசிக்காரரிடம்" போய், அவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி அனுப்பியிருக்கிறார். எரிச்சல் நிற்கவில்லை, இன்னொரு பல்லையும் பிடுங்கினார். என்னிடம் வந்தபோது வாயைத் திறங்கள் என்றேன். சாதாரணமாக அவரவர் விரல் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வாய்க்குள் போக வேண்டும். அவருக்கு ஒன்றரை விரல் போகவில்லை. கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, தடவினால் கயிறு கயிறாகத் தட்டுப்பட்டது. பாக்குப் போடுகிறவர்களுக்கு வருகிற நார்த்திசு நோய் அது, புற்றுநோயாக மாறக்கூடியது. மதுரைக்கு அனுப்பினேன். அந்தப் பெரியவர் கெட்டவர் இல்லை, பல்லைத் தவிர வேறெதையும் பார்க்க அவருக்குத் தெரியாது.

அப்புறம் அந்தக் குறடு. பேஷன்ட் மாறும்போது அதை எதில் கழுவுகிறார் என்று ஒருநாள் எட்டிப் பாருங்கள். மஞ்சள் காமாலை பி வைரஸ் டெட்டாலில் முக்கி எடுத்தால் போய்விடாது. ஆட்டோகிளேவில் 121 டிகிரியில், அழுத்தத்தோடு வேக வேண்டும்.

தொண்டிக்காரன்

குறட்டை அவர் வெந்நீரில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். சரி, இதில் நான் பேசவில்லை. ஆனால் டாக்டர்கள் எங்கள் பக்கம் வர வேண்டும், அதில் மாற்றமில்லை.

தேவிபட்டினம்_வக்கீல்

ஒரு சின்னத் தகவல். 1948 சட்டம் வந்தபோது, பட்டம் இல்லாமலே பல் தொழிலில் பிழைத்து வந்தவர்களுக்கென்று பதிவேட்டில் பி பகுதி என ஒன்று வைத்தார்கள். பட்டதாரிகள் ஏ பகுதி. பழைய ஆட்கள் சிலர் "நாங்களும் பதிவுதான்" என்று சொன்னதற்கு அதுதான் அடிப்படை. அந்தக் கதவு மூடி எத்தனையோ காலம் ஆயிற்று. "எங்கள் தாத்தா பதிவு வைத்திருந்தார்" என்று பேரன் தொழில் பார்க்க முடியாது. பதிவு சொத்து இல்லை, வாரிசுக்குப் போகாது.

தங்கச்சிமடம்_தாசன்

தங்கச்சிக்கு வாழ்த்துகள். எனக்கு ஒரு சந்தேகம், சிரிக்காதீர்கள். தங்குகடலுக்கு, அதாவது நாட்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போன இடத்தில் எங்கள் ஆள் ஒருத்தருக்குப் பல் வலி. கன்னம் வீங்கிப்போய் ராத்திரியெல்லாம் ஒரே கத்தல். பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. படகு டிரைவர் அண்ணன் தூண்டில் நரம்பைக் கட்டி இழுத்துவிட்டார். வக்கீல் சொல்கிற சட்டப்படி அவரும் குற்றவாளியா?

தேவிபட்டினம்_வக்கீல்

ஹாஹா. இல்லை. அதே 49ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. அவசரம், பதிவு பெற்ற பல் மருத்துவர் கிடைக்கவில்லை என்றால் யார் வேண்டுமானாலும் பல்லை எடுக்கலாம். ஒரு நிபந்தனை: மரத்துப்போகிற ஊசியோ மயக்க மருந்தோ கொடுக்காமல் எடுக்க வேண்டும். உங்கள் டிரைவர் அண்ணன் சட்டத்தைச் சரியாகவே பின்பற்றியிருக்கிறார்.

தங்கச்சிமடம்_தாசன்

ஊசி எங்கே இருந்தது, உப்புத் தண்ணீர்தான் இருந்தது.

டாக்டர்_உச்சிப்புளி

சட்டம் விட்டாலும் நான் விட மாட்டேன். வீக்கம் இருக்கும்போது இழுக்காதீர்கள், சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சே அடைக்கும். கரைக்கு வந்து ராமேஸ்வரம் ஜிஎச் போங்கள்.

பல்லவிக்கு மீதி. கவுன்சில் பதிவு என்பது உங்களுக்கான அனுமதி. கிளினிக் என்பது தனி, அதற்கென்று தனி அனுமதிகள் உண்டு.

ஒன்று, தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997. விதிகள் 2018இல்தான் வந்தன. படுக்கை இல்லாத ஒற்றை நாற்காலி பல் கிளினிக்கும் இதில் அடக்கம். மாவட்டத்தில் ஜேடி (மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர்) அலுவலகம்தான் இதைப் பார்க்கிறது. இடம், கழிப்பறை, காத்திருக்கும் இடம், கருவி சுத்தம் செய்யும் வசதி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். இதற்கும் காலாவதித் தேதி உண்டு.

அடுத்தது கழிவு. உயிரிமருத்துவக் கழிவு விதிகள், 2016. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரமும், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தமும் வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், கையுறையும் உறிஞ்சு குழாயும் சிவப்பில், ஊசியும் பிளேடும் துளை விழாத வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில். 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கழிவு வண்டி பாம்பன் தாண்டி எந்தெந்த நாள் வரும் என்று ஒப்பந்தம் போடும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயளவில் "வாரம் மூணு நாள் வருவோம்" என்பார்கள், மழைக்காலத்தில் தெரியும்.

பிறகு எக்ஸ்ரே. உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், ஏஇஆர்பி. ஆனால் மும்பைக்குப் போக வேண்டியதில்லை, ஈலோரா என்ற அவர்களுடைய தளத்திலேயே முடியும். வாரியம் ஒப்புதல் தந்த மாடல்தானா என்று மெஷின் வாங்கும் முன்பே கேளுங்கள். விற்கிறவர்கள் "எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு, பணம் கைக்கு வந்ததும் போனை எடுக்க மாட்டார்கள்.

இது போக உள்ளாட்சியின் தொழில் உரிமம், கடைக்கு வணிக மின் இணைப்பு. அவற்றை எல்லோரும் அறிவார்கள்.

ஊருக்கென்று ஒரு விஷயமும் உண்டு. உப்புக் காற்று. கம்ப்ரசர் டேங்கின் அடியில் தேங்குகிற தண்ணீரை தினமும் திறந்து விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே துரு பிடித்து ஹேண்ட்பீஸ் வழியாகப் பேஷன்ட் வாய்க்குப் பழுப்புத் தண்ணீர் வரும். ஆட்டோகிளேவுக்குப் போர் தண்ணீரை ஊற்றவே கூடாது, வெள்ளை வெள்ளையாகப் படிந்து ஹீட்டர் போய்விடும். டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி வையுங்கள். பதிவுச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டுவோம் இல்லையா, கண்ணாடியோடு காகிதம் ஒட்டிக்கொள்ளும் இங்கே. நகலை மாட்டிவிட்டு அசலை வீட்டில் பீரோவில் வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் அதன்மேல் ஏதாவது குறிப்பு எழுதி வாங்க வேண்டி வந்தால் திண்டாட்டம்.

ஏர்வாடி_நூர்

நான் படித்ததும் பதிந்ததும் கர்நாடகாவில். இப்போது ஊரில் அண்ணனின் கட்டடத்தில் கிளினிக் போடுகிறேன். அந்தப் பதிவே போதும்தானே? இந்தியா முழுக்க ஒரே சட்டம்தானே?

தேவிபட்டினம்_வக்கீல்

சட்டம் ஒன்று, பதிவேடு மாநிலத்துக்கு ஒன்று. பதிவை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். பழைய கவுன்சிலில் தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாடு கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே கட்டணம் பாக்கி இருந்தால் தடையில்லாச் சான்று நகராது.

ஏர்வாடி_நூர்

பாக்கி இருக்கிறது. சரி, புரிந்தது.

பல்செட்_முனியன்

டாக்டர்களும் வக்கீலும் பேசுகிற இடத்தில் நானும் நுழைகிறேன். ராமநாதபுரத்தில் லேப் வைத்திருக்கிறேன், டென்டல் மெக்கானிக். பதிவும் இருக்கிறது. என் லேபுக்கு நேராக வந்து "அளவு எடுத்து ஒரு செட் போட்டுக் கொடுங்க" என்று கேட்பவர்கள் நிறைய. முடியாது என்று அனுப்புகிறேன். என்னைப் போலிப் பல் டாக்டர் என்று சொல்வார்களோ என்ற பயம்தான். அதே சமயம் சில டாக்டர்கள் பேஷன்டையே என்னிடம் அனுப்பி, "முனியா, நீயே அளவு எடுத்துக்க, பில் நான் போடறேன்" என்கிறார்கள். அது மட்டும் சரியா?

டாக்டர்_உச்சிப்புளி

சரியில்லை முனியன். நீங்கள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. மெக்கானிக்குக்கும் ஹைஜீனிஸ்டுக்கும் அதே சட்டத்தில்தான் பதிவேடு. பல் செட் செய்வதும் பழுது பார்ப்பதும் உங்கள் உரிமை. வாய்க்குள் அளவு எடுப்பது, மாட்டிப் பார்ப்பது, ஆலோசனை சொல்வது எல்லாம் சட்டத்தின் பார்வையில் பல் மருத்துவம். அப்படி அனுப்புகிற டாக்டரும் தப்புச் செய்கிறார், மாட்டுவது நீங்கள். இனி யாராவது அனுப்பினால் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

பல்செட்_முனியன்

எழுத்தில் கேட்டால் வேலையே வராது சார். பார்க்கலாம்.

பல்லவி_பாம்பன்

எல்லோருக்கும் பெரிய நன்றி. அந்த ராமநாதபுரத்துக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். "உன்னை விட்டால் பத்துப் பேர் இருக்கிறார்கள்" என்றார். இருக்கட்டும்.

இரண்டு கேள்வி. சிடிஇ புள்ளிகள் என்கிறார்களே, அது புதுசாகப் பதிகிறவர்களுக்கும் உண்டா? இன்னொன்று, நெக்ஸ்ட் பரீட்சை வந்துவிட்டால் ஏற்கெனவே பதிந்தவர்கள் மறுபடி எழுத வேண்டுமா? வாட்ஸப்பில் ஆளுக்கு ஒன்று அனுப்புகிறார்கள்.

டாக்டர்_உச்சிப்புளி

சிடிஇ என்பது தொடர் கல்வி. கவுன்சில் அங்கீகரித்த கருத்தரங்கு, பயிலரங்குகளில் கலந்துகொண்டால் புள்ளி தருவார்கள், புதுப்பிக்கும்போது கணக்குக் கேட்பார்கள். பதிந்த நாளிலிருந்தே சேர்க்கத் தொடங்குங்கள். பெரும்பாலானவை மதுரை, சென்னையில்தான் நடக்கும், கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொண்டால் நமக்கு வசதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கையில் காசு புழங்காது, பல் வலியையும் ஜனங்கள் ஒத்திப்போடுவார்கள். பங்கேற்புச் சான்றைப் போனில் போட்டோ எடுத்து வைத்தால் போதாது, அங்கீகார எண் அதில் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். சில கம்பெனிகள் தங்கள் பொருளை விற்க நடத்துகிற கூட்டத்தில் அழகான சான்று தருவார்கள், புள்ளி இருக்காது. சாப்பாடு நன்றாக இருக்கும்.

தேவிபட்டினம்_வக்கீல்

நெக்ஸ்ட் பற்றி நான் சொல்கிறேன். தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது. 1949இல் அமைந்த இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் ஓர் ஆணையத்தையும் அதன்கீழ் வாரியங்களையும் அது வைக்கிறது. அதில் ஒரு வாரியத்துக்கு வேலையே ஒழுக்கமும் பதிவும்தான். தேசியப் பதிவேடும் உண்டு. மாநிலக் கவுன்சில்கள் அதோடு இணைந்து இருக்கும். கடைசி ஆண்டு மாணவர்களுக்குப் பொதுவான வெளியேறும் தேர்வு, அதுதான் நெக்ஸ்ட். சட்டம் நடைமுறைக்கு வந்த மூன்று ஆண்டுக்குள் அது வர வேண்டும். படித்து வெளியேறுகிறவர்கள் உரிமம் பெறவும் எம்டிஎஸ் சேரவும் அதுவே வாசல். ஏற்கெனவே பதிவேட்டில் இருப்பவர்களை மறுபடி எழுதச் சொல்வதற்காக வந்த தேர்வு இல்லை. வாட்ஸப்பில் வருவதை விடுங்கள், அரசிதழ் அறிவிப்பைப் பாருங்கள்.

அப்புறம் போர்டு. பெயர், பட்டம், பதிவு எண் மூன்றும் இருக்க வேண்டும். "வலியில்லாப் பல் சிகிச்சை, 50 சதவீதத் தள்ளுபடி" என்று ஆட்டோவில் மைக் கட்டிப் போகக் கூடாது. விளம்பரத்துக்கும் ஆள்பிடித்து அனுப்புகிறவருக்குக் கமிஷன் கொடுப்பதற்கும் ஒழுக்க விதியில் இடமில்லை. கிளினிக் திறந்ததை அறிவிப்பாகச் சொல்லலாம். எம்டிஎஸ் முடித்தால் அதையும் பதிவேட்டில் ஏற்றிய பிறகுதான் போர்டில் எழுத வேண்டும்.

கீழக்கரை_காக்கா

மகளே, போர்டில் தமிழ் எழுத்து பெரிசாக இருக்கட்டும். வயசானவர்கள் படிக்க வேண்டும்.

பல்செட்_முனியன்

தங்கச்சி, கிளினிக் திறந்தால் லேப் வேலையைப் பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள், கண்டக்டர்கள் பழக்கம்தான். அச்சு வார்த்து ஈரம் காய்ந்த பிறகு கட்டி அனுப்புங்கள், பாலத்தில் வருகிற குலுங்கலில் உடைந்துபோகும். சீட்டில் உங்கள் கையெழுத்தும் பதிவு எண்ணும் வேண்டும். நானும் இனி அப்படித்தான் எல்லோரிடமும் கேட்கப் போகிறேன்.

சாயல்குடி_பனை

இழையை நடுவில் பிடித்துக்கொள்கிறேன். என் தம்பி வெளிநாட்டில் பல் மருத்துவம் படிக்கலாமா என்று கேட்கிறான். ஏஜென்ட் ஒருவர் கருப்பட்டி மாதிரி இனிக்க இனிக்கப் பேசுகிறார். திரும்பி வந்தால் நேராகக் கவுன்சிலில் பதியலாம் என்கிறார். உண்மையா?

டாக்டர்_உச்சிப்புளி

நேராக முடியாது. வெளிநாட்டு இளநிலைப் பட்டத்தோடு வருகிற இந்தியர்களுக்குத் தகுதிகாண் தேர்வு உண்டு, தேசியத் தேர்வு வாரியம் நடத்துகிறது. அதில் தேற வேண்டும். அந்தப் படிப்புக்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்று பணம் கட்டும் முன்பே பார்க்க வேண்டும். ஏஜென்ட் சொன்னதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், அதற்கே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். நாடு, கல்லூரி விவரத்தோடு தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.